வின்சர் பண்ணையும் ஏழையின் பசுவும்

இங்கிலாந்தில் ஆர்தர் யங் என்னும் வேளாண் அறிஞர் ஓர் இதழ் நடத்திவந்தார். உழவு, எரு, கால்நடை, பயிர்முறை ஆகியவற்றைப் பேசிய இதழ் அது. 1787ஆம் ஆண்டில், வின்சரிலிருந்து ரால்ஃப் ராபின்சன் என்ற பெயரில் எழுதப்பட்ட கடிதங்கள் அதில் வெளியாயின. பீட்டர்ஷாம் என்ற ஊரில் டக்கெட் என்னும் உழவர் கையாண்ட பயிர்முறையை அக்கடிதங்கள் விளக்கின. எழுதியவர் உழவரல்லர். ஆட்டிடையன் ஒருவன் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு எழுதியவர், இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் என்பர்.

இம்மன்னரை நாம் பள்ளிப் பாடங்களில் வேறுவிதமாகவே அறிந்திருக்கிறோம். அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்தவர் அவர். கிழக்கிந்தியக் கம்பெனி 1765இல் வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற்றதும், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் அவருடைய ஆட்சிக்காலத்தில்தான். ஆனால் அவர் நாட்டு மக்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயர் 'உழவர் ஜார்ஜ்' என்பது. சிலர் அன்போடு அழைத்தனர். சிலர் எள்ளலோடு அழைத்தனர். எருக்குழியும் ஏர்க்காலும் பற்றிப் பேசுகின்ற அரசரைக் கண்டு அரண்மனை வட்டாரம் நகைத்தது இயல்பே. என் கருத்தில், அவருடைய வாழ்வில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி இந்த உழவுப் பற்றுத்தான். அதனாலேயே அதனைச் சற்று நெருங்கி ஆராய வேண்டியிருக்கிறது. தன் நிலத்தைச் செம்மையாக நிர்வகித்து, தன்னிடம் வேலை செய்வோரிடம் பரிவும் காட்டுகின்ற உடைமையாளன், அத்தோடு தன் அறக்கடனை முடித்துவிட்டவன் ஆகிறானா? ஊரில் விட்டுவந்த காணியைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஒருமுறை போய்வருகின்ற நம்மில் பலருக்கும் இக்கேள்வி அயலானதன்று.

வின்சர் கோட்டைக்குத் தெற்கே விரிந்து கிடப்பது 'பெரிய பூங்கா' எனப்படும் அரச நிலம். மன்னரின் தம்பியாகிய கம்பர்லாந்துக் கோமகன் அதன் காப்பாளராக இருந்து, 1790இல் மறைந்தார். மன்னர் அதனைத் தம் நேர் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 4,000 ஏக்கர் பரப்பு. ஆயினும் பெரும்பகுதி நீர் தேங்கிப் பெரணியும் கோரையும் மண்டிக் கிடந்தது. மான்கள் திரிவதற்கன்றி வேறெதற்கும் பயன்படவில்லை. 1791இல் நதானியேல் கென்ட் என்பவரை அழைத்து இதனைச் சீர்திருத்தும் பணியை மன்னர் ஒப்படைத்தார். கென்ட் நிலச் சொத்துக்களை நிர்வகிப்பதில் பெயர் பெற்றவர். ஃப்ளாண்டர்ஸ் நாட்டில் தங்கி அந்நாட்டு வேளாண்மையை நேரில் கற்றவர். 1775இலேயே நிலவுடைமையாளர்களுக்கு அறிவுரையாக ஒரு நூல் எழுதியவர். அந்நூலைப் பற்றிப் பின்னர் பேசுவேன்.

கென்ட் முதலில் நீரை வடித்தார். பிறகு மண்ணின் தன்மை நோக்கி இரண்டு பண்ணைகளை வகுத்தார். மணற்பாங்கான இலேசான மண் உள்ள பகுதிக்கு 'நார்ஃபோக் பண்ணை' என்றும், இறுகிய கனத்த மண் உள்ள பகுதிக்கு 'ஃப்ளெமிஷ் பண்ணை' என்றும் பெயர். முன்னது கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டப் பயிர்முறையைப் பின்பற்றியது. பின்னதில் ஃப்ளாண்டர்ஸ் முறையைப் பின்பற்றலாம் என்று முதலில் எண்ணினர்.

நார்ஃபோக் முறையின் நுட்பத்தை நம்மவர்க்கு விளக்குதல் எளிது. பழைய ஐரோப்பிய உழவில், மூன்றில் ஒரு பங்கு நிலத்தை ஆண்டுதோறும் தரிசாகப் போட்டு வைப்பர். நிலம் இளைப்பாறினால்தான் விளையும் என்பது நம்பிக்கை. நார்ஃபோக் உழவர் அந்த ஓய்வை ஒழித்தனர். முதலாண்டு கோதுமை, அடுத்த ஆண்டு டர்னிப் கிழங்கு, அதற்கடுத்து பார்லி, பின்னர் குளோவர் என்னும் தீவனப் பயிர். குளோவர் நம் ஊர்க் கொளிஞ்சியையும் சணப்பையும் போலக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பது. டர்னிப் விளைந்த வயலிலேயே ஆடுகளைப் பட்டியிட்டு மேய விடுவர். ஆடு கிழங்கைத் தின்னும்; அதன் சாணமும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும். கிடை மறித்தல் என்று நம் உழவர்கள் காலங்காலமாக அறிந்து வைத்திருப்பது இதுவே. தீவனம் பெருகினால் கால்நடை பெருகும். கால்நடை பெருகினால் எரு பெருகும். எரு பெருகினால் தானியம் பெருகும். குளிர்காலத்தில் தீனியின்றிக் கால்நடைகளை வெட்டித் தீர்க்க வேண்டிய நிலையும் குறைந்தது.

வின்சரில் மற்றொரு புதுமையும் நடந்தது. அக்கால இங்கிலாந்தில் குதிரை உழவு பரவிக்கொண்டிருந்தது. மன்னரின் பண்ணைகளிலோ எருதுகள் ஏர் இழுத்தன. சில ஆண்டுகள் உழைத்தபின் அவற்றைக் கொழுக்கவைத்து இறைச்சிக்கு விற்றனர். கிழக் குதிரைக்கு விலையில்லை. கிழ எருதுக்கு உண்டு என்பது கணக்கு. எருதை வீட்டில் ஒருவராக எண்ணிப் பொங்கல் வைக்கின்ற நமக்கு இக்கணக்கு சற்றே உறுத்தும். எனினும் மாட்டையே ஏரில் பூட்டி வந்த நாட்டவர்க்கு, ஓர் ஆங்கில மன்னர் எருதின் பக்கம் நின்று வாதாடினார் என்பதில் சிறிது மகிழ்ச்சி தோன்றாமலும் இராது.

செம்மறி ஆடுகளின் கதை இன்னும் சுவையானது. மெல்லிய மயிருடைய மெரினோ ஆடுகளை ஸ்பெயின் நாடு வெளியே விடாமல் காத்துவந்தது. மன்னரின் நண்பரும் அறிவியல் கழகத் தலைவருமாகிய ஜோசப் பேங்க்ஸ், போர்ச்சுகல் வழியாக மறைவில் சில ஆடுகளைத் தருவித்தார். பின்னர் 1791இல் ஸ்பெயினின் உயர்குடிப் பெண்மணி ஒருவர் சிறந்த மந்தை ஒன்றிலிருந்து ஆடுகளைப் பரிசாகவே அளித்தார். மன்னர் கைம்மாறாக வண்டிக் குதிரைகளை அனுப்பினார். இவ்வாறு வளர்ந்த மந்தையிலிருந்து 1804இல் கியூவில் முதல் ஏலம் நடந்தது. ஜான் மக்கார்தர் என்ற படை அதிகாரி அங்கே சில ஆடுகளை வாங்கிக் கப்பலேற்றி, 1805இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சுக்குக் கொண்டு சேர்த்தார். அக்கண்டத்தின் கம்பளி வளத்துக்கு ஊன்றிய வித்துக்களுள் அதுவும் ஒன்று. அந்த மந்தைகள் பரவப் பரவ, அங்கே ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த தொல்குடியினர் வேட்டை நிலமும் நீர்நிலையும் இழந்தனர் என்பதையும் இங்கேயே குறித்துவைக்கிறேன்.

மன்னரின் பரிவுக்குச் சான்றுகள் பல. பூங்காவில் ஓடிய உபரி நீரைக்கொண்டு ஓர் ஆலை இயங்கியது. அங்கே கோதுமையும் ரை என்னும் தானியமும் கலந்து அரைத்த மாவைச் சந்தை விலையினும் குறைவாகப் பண்ணையாட்களுக்கு வழங்கினர். மன்னர் தாமே குதிரையேறிச் சென்று வயல்களைப் பார்வையிடுவார். எதிர்ப்பட்ட கூலியாளை நிறுத்திப் பேர், ஊர், பிழைப்பு எல்லாம் விசாரிப்பார். கில்ரே என்னும் கேலிச்சித்திரக்காரர் 1795இல் இதனை நையாண்டி செய்து ஒரு படம் வரைந்தார். வாளியோடு நிற்கும் பண்ணையாள் திகைத்து வாய் பிளந்து நிற்க, மன்னர் முகத்தோடு முகம் வைத்துக் கேள்விமேல் கேள்வியாக அடுக்குவது அப்படத்தின் காட்சி. நகைப்பாக இருப்பினும், குடிமகனிடம் நின்று பேசிய மன்னர் என்ற உண்மையை அப்படமும் மறைக்கவில்லை.

இதுவரை சொன்னவை அனைத்தும் மன்னரின் கணக்கில் வரவு. ஆனால் இதே ஆண்டுகளில், இதே நாட்டில், உழவு நிலத்தைச் சுற்றி வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தின் கிராமங்களில் பொதுநிலம் என்று ஒன்று இருந்தது. நம் ஊர்களின் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய விளங்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நிலம் பெரும்பாலும் பிரபுவுக்கு உரியது. அதில் ஒரு பசுவை மேய்க்கவும், விறகும் புல்கரியும் எடுக்கவும், வாத்து வளர்க்கவும் சில குடிசைவாசிகளுக்கு வழிவழியாக உரிமை இருந்தது. பட்டா இல்லை, பழக்கமே ஆவணம். கூலி குறைந்த நாளில் அந்தப் பசுவின் பால் குழந்தைகளைக் காத்தது. அப்பாலுக்காக அவன் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

பொதுநிலத்தில் டர்னிப் பயிரிட இயலாது. ஊர் ஆடெல்லாம் மேய்ந்துவிடும். எனவே புதிய வேளாண்மைக்கு வேலி வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் ஊருக்கொரு சட்டம் நிறைவேற்றிப் பொதுநிலத்தைப் பங்கிட்டு வேலியடைத்தனர். 1604 முதல் 1914 வரை இவ்வகைச் சட்டங்கள் 5,200க்கு மேல். அடைபட்ட நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியில்தான் இது பெருவேகம் கொண்டது. உரிமையை எழுத்தில் மெய்ப்பிக்க முடிந்தவனுக்குத் துண்டு நிலம் கிடைத்தது. அதற்கும் வேலியிடும் செலவை அவனே ஏற்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாதவன் பசுவை விற்றான்.

வேலியோடு நின்றதா? அறுவடை முடிந்த வயலில் சிந்திக்கிடக்கும் கதிர்களை ஏழைப் பெண்களும் குழந்தைகளும் பொறுக்கிக்கொள்வது தொன்றுதொட்ட வழக்கம். 1788இல் இலண்டன் நீதிமன்றம் ஒன்று, கதிர் பொறுக்குவது பொதுச்சட்டம் அளித்த உரிமையாகாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் பல ஊர்களில் பெண்கள் கதிர் பொறுக்கத்தான் செய்தனர். நில உடைமையாளர்களும் பெரும்பாலும் தடுக்கவில்லை. ஆயினும் ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது. முன்பு அவள் தன்னுடையதை எடுத்தாள். இப்போது அவர் இடுவதைப் பெற்றாள். கதிரின் அளவு குறையாமலே இருந்திருக்கலாம். அவள் நிற்கின்ற நிலை மாறிவிட்டது.

வின்சர் ஆலையின் மலிவு மாவை நான் இந்தக் கோணத்திலிருந்தே நோக்குகிறேன். மாவு நல்ல மாவு. கொடுத்தவர் நெஞ்சும் நல்ல நெஞ்சு. ஆனால் அந்த மாவு, மன்னர் விரும்புங்காறும் கிடைப்பது. பண்ணையில் வேலை உள்ளவனுக்கு மட்டுமே கிடைப்பது. வேலை போயின் மாவும் போகும். பொதுநிலத்துப் பசு அப்படியன்று. மன்னர் மாறினாலும் மேலாளர் மாறினாலும் அது பால் கறக்கும்.

1794, 1795ஆம் ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்து, போரும் சேர, ரொட்டி விலை ஏறியது. வின்சர் அமைந்துள்ள அதே பார்க்ஷயர் மாவட்டத்தில், ஸ்பீனம்லாந்து என்ற இடத்தில், 1795 மே 6ஆம் நாள் நீதியதிபர்கள் கூடினர். கூலியை உயர்த்தச் சட்டமிடுவதா என்று எண்ணிப் பார்த்து அதனைக் கைவிட்டனர். அதற்கு மாறாக, சுமார் 4 கிலோ எடையுள்ள ரொட்டி ஒரு ஷில்லிங் விற்றால், உழைக்கும் ஒருவனுக்கு வாரம் 3 ஷில்லிங் தேற வேண்டும். கூலி அதற்குக் குறைந்தால், குறைவை ஏழைவரிப் பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தனர். முழுநாளும் உழைப்பவன், உழைத்தும், ஊர் உதவியின்றி உண்ண முடியாதவன் ஆனான். அவ்வாண்டு அக்டோபரில் நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைக்கச் சென்ற மன்னரின் வண்டியை மக்கள் சூழ்ந்து, ரொட்டி கேட்டும் போர் வேண்டாமென்றும் கூவினர். வண்டியின் கண்ணாடியும் உடைந்தது. நாட்டிலேயே உழவை மிகவும் நேசித்த மனிதரைப் பார்த்துத்தான் பசித்தவர்கள் அவ்வாறு கூவினார்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1801இல் பிரிட்டனில் எடுத்த முதல் குடிக்கணக்கில் மக்கள் தொகை சுமார் 1 கோடியே 5 லட்சம். 1821இல் சுமார் 1 கோடியே 40 லட்சம். இருபதே ஆண்டுகளில் இவ்வளவு வாய்கள் பெருகியும் பெரும்பஞ்சம் நேராமற் போனதற்குப் புதிய வேளாண்மை ஒரு முக்கிய காரணம். பழைய பொதுநிலங்கள் பல மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன என்பதும், நோயுற்ற மாடு மந்தை முழுதுக்கும் நோய் பரப்பியது என்பதும் பொய்யல்ல. ஏழைகளின் மேல் இரக்கங்கொண்டு பயிர்முறையை மாற்றாமலே இருந்திருந்தால், அவ்வேழைகளின் பேரப்பிள்ளைகளே பட்டினி கிடந்திருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் விளைச்சல் பெருக வேண்டுமாயின் ஏழையின் பசு போகத்தான் வேண்டுமா? இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதவை என்று அன்றைய பிரபுக்கள் கருதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வின்சரின் ஒரு பண்ணைக்குப் பெயர் தந்த ஃப்ளாண்டர்ஸ், ஐரோப்பாவிலேயே செறிந்த வேளாண்மைக்குப் புகழ்பெற்ற நாடு. அங்கே உழவு செய்தவர்கள் பெரும்பாலும் சிறுநிலக்காரர்கள். சில ஏக்கரை வைத்துக்கொண்டு தோட்டம்போல் பேணியவர்கள். மன்னர் தம் பண்ணைக்கு அந்நாட்டின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்நாட்டுச் சிறு உழவனின் நிலையைத் தம் நாட்டு ஏழைக்கு வழங்க எண்ணவில்லை. கென்டின் 1775ஆம் ஆண்டு நூலை எடுத்துப் பார்த்தால் வியப்பு மிகும். சிறு பண்ணைகளை விழுங்கிப் பெரும் பண்ணை ஆக்குவதை அதில் அவர் கண்டிக்கிறார். கூலியாளுக்குக் காற்றோட்டமான குடிசையும், அதையொட்டிச் சிறிது நிலமும், இயன்றால் ஒரு பசுவுக்கு மேய்ச்சலும் தர வேண்டும் என்கிறார். நோய்க்கு மருந்து மன்னரின் மேலாளர் எழுதிய நூலிலேயே இருந்தது.

நல்ல உடைமையாளன் ஒருவன் கையில் நிலத்தை ஒப்படைத்தால் வளம் தானே பெருகும் என்ற அந்த நம்பிக்கை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1793இல் லண்டனில் வேளாண்மை வாரியம் அமைந்தது. சின்க்ளேர் தலைவர், ஆர்தர் யங் செயலாளர். அதே 1793இல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்தார். வரியை என்றென்றைக்குமாக நிலைப்படுத்திவிட்டால், ஜமீன்தார்கள் ஆங்கிலப் பிரபுக்களைப்போல் நிலத்தில் முதல் போட்டு வளம் பெருக்குவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1802இல் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கும் இம்முறை வந்து சேர்ந்தது. ஜமீன்தார்கள் பெரும்பாலும் முதல் போடவில்லை, வாரம் வாங்கினார்கள். உழுதவனின் வழிவழி உரிமைகளோ அந்தப் பதிவேடுகளில் மங்கிப்போயின. சென்னையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் ஜமீன் முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. வின்சரில் ஒரு நல்ல மனிதராவது நிலத்தைச் சுற்றிவந்தார். இங்கே பல ஜமீன்களில் அதுவும் இல்லை.

இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்டவர் மன்னரல்லர், ஆர்தர் யங். வேலியடைப்பை அவரைப்போல் முழங்கி ஆதரித்தவர் எவருமில்லை. வேலியும் டர்னிப்பும் நாட்டைச் சொர்க்கமாக்கும் என்று இருபத்தைந்து ஆண்டுகள் எழுதியவர். 1797இல் அவருடைய அருமை மகள் சிறு வயதிலேயே இறந்தாள். அத்துயரம் அவர் உள்ளத்தைத் திருப்பிவிட்டது என்பர். 1800இல் வேலியடைத்த ஊர்களுக்குச் சென்று, விளைச்சலைக் கேட்பதற்கு மாறாக, பசு வைத்திருந்தவர்கள் எங்கே என்று கேட்டார். அச்சட்டங்களில் மிகப் பெரும்பாலானவை ஏழைகளுக்கு ஊறு விளைத்தன என்று கண்டார். உடைமையைக் காப்பதாகச் சொல்லும் நாடாளுமன்றத்தின் கண்ணில் ஏழையின் பசு மட்டும் உடைமையாகத் தோன்றாமற் போனது எவ்வாறு என்பதே 1801இல் அவர் வெளியிட்ட ஆய்வுரையின் சாரம். இனி அடைக்கும் தரிசுகளில் ஒரு பசுவுக்குப் போதுமான நிலத்தை ஒவ்வோர் ஏழைக் குடும்பத்துக்கும் ஒதுக்க வேண்டும், அதுவும் எவரும் பறிக்கவியலாத உரிமையாக ஒதுக்க வேண்டும் என்று அதில் கோரினார். இருபத்தைந்தாண்டு எழுத்தைத் தாமே மறுத்தெழுதுகின்ற துணிவு புகழ்பெற்ற ஓர் ஆசிரியருக்கு எளிதில் வாய்ப்பதன்று.

அவர் செயலாளராயிருந்த வேளாண்மை வாரியம் அவ்வுரையைத் தன் வெளியீடாக ஏற்க மறுத்தது. வேண்டுமானால் சொந்தப் பொறுப்பில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்றனர். அவர் அவ்வாறே செய்தார். வாரியத்தில் இருந்தோர் பெரும்பாலும் நிலப்பிரபுக்கள். நல்ல உழவர்கள், தம் ஆட்களிடம் பரிவு காட்டியவர்களும் அவர்களுள் இருந்திருப்பர்.

1813இல் வின்சர் காட்டுப்பகுதிக்கே வேலியடைப்புச் சட்டம் வந்தது. அதனைச் சுற்றியிருந்த ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கொண்டிருந்த பழைய உரிமைகள் முடிவுற்றன. நிலத்தின் பெரும் பங்கு அரசுடைமையாயிற்று. அப்போது உழவர் ஜார்ஜ் அரியணையில் பெயருக்குத்தான் இருந்தார். 1811 முதல் அவர் மகன் ஆட்சிப் பொறுப்பை நடத்திவந்தான். அறிவு கலங்கி, பார்வையும் இழந்து, தாம் உழுவித்த வயல்களுக்கு அருகே வின்சர் கோட்டையின் அறைகளில் மன்னர் அடைபட்டிருந்தார். ஆர்தர் யங்கும் அதற்குள் கண்ணொளி இழந்திருந்தார். மன்னர் 1820 ஜனவரியில் மறைந்தார். யங் அவ்வாண்டு ஏப்ரலில்.